பிடியரிசிக் கலயம்

அறுபதுகளின் தொடக்கம். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போய்க் கொண்டுவரும் கூலியில்தான் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். காலையில் ஆளுக்கொரு செம்பு கூழ். ராத்திரி இருந்தால் உண்டு. நிச்சயமாகக் கிடைத்தது மத்தியானம் பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு ஒன்றுதான்.

1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவு அது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் வளர்த்தெடுத்தது. முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடையில்தான் நடந்தது. பிறகு அரசாங்கமும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு. அதில் 6 பைசா சர்க்கார், 4 பைசா ஊர். எங்கள் ஊரில் அந்த 4 பைசாவைக் காசாகத் தர எத்தனை வீட்டால் முடியும்? தானியமாகத் தந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலையில் போட அரிசியோ சோளமோ எடுக்கும்போது ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய வகுப்புப் பையன்கள் அரிசிக்கு ஒரு சாக்கு, மற்ற தவசத்துக்கு ஒரு சாக்கு என்று தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். சாக்கில் விழுந்த பிறகு எது பண்ணையார் வீட்டு அரிசி, எது கூலிக்காரி வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது. பருத்தி எடுத்து முடிந்ததும் அடுப்பெரிக்கப் பருத்திமார் கட்டுக் கட்டாக வந்து சேரும். தோட்டக்காரர்கள் கத்திரிக்காயைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கலயம் இருந்தது. உலைக்கே அரிசி போதாத நாளிலும் அம்மா அதில் போடாமல் இருந்ததில்லை. "நமக்கே இல்லையேம்மா" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம கையாலயும் ஒரு பிடி விழணும் தாயி. இல்லன்னா தின்ன சோறு ஒடம்புல ஒட்டாது."

1961க்குப் பிறகு 'கேர்' நிறுவனம் தந்த அமெரிக்கப் பால் பவுடரும் மக்காச்சோள ரவையும் வந்தன. மஞ்சள் உப்புமாவின் வாசம் மூன்றாவது மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குள் வந்துவிடும். பவுடர் கட்டி கட்டியாக நிற்கும். ஆயா கொதிநீர் ஊற்றி மத்தால் கடைவார். மூட்டையின் அடியில் ஒட்டியதை ஆளுக்கொரு சிட்டிகை உள்ளங்கையில் வைப்பார். வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்கால் தடவித் தடவிக் கரைப்பதற்குள் கணக்கு வகுப்பு பாதி முடிந்துவிடும்.

சோற்றோடு நிற்கவில்லை. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தி, ஊர்க்காரர்கள் கரும்பலகை, பெஞ்சு, மணி, தேசப்படம் எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். சீருடைத் துணியும் அப்படித்தான் வந்தது. என் முதல் முழுச் சட்டை யாரோ கொடுத்தது. கொடுத்தவர் யார் என்று எங்கள் வாத்தியார் கடைசிவரை சொல்லவில்லை. சாப்பாட்டிலும் அவர் அப்படித்தான். சாதி பார்த்து உட்கார விடமாட்டார். வகுப்பு வரிசைப்படிதான் இலை.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இன்று எந்த ஊரிலும் பள்ளிச் சோற்றுக்காகப் பிடியரிசி எடுக்க வேண்டியதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் தவிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உதவ முன்வருகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோட்டும் அரிசிப் பையும் கையில் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பொதுவில் கொடுங்கள், பெயர் வேண்டாம். வாங்குகிற குடும்பமும் தன் பங்காக ஒரு பிடி போட இடம் வையுங்கள். அப்படிக் கொடுத்த ஊரில் படித்ததால்தான் நான் தலை குனியாமல் படித்தேன்.