மலை கறுத்தால் ஆற்றில் நிற்காதே

சுங்கை சோவில் வளர்ந்த எங்களுக்கு மலை என்பது ஏறும் இடமல்ல, வானிலை அறிக்கை. கிழக்கே மலைத்தொடர் கறுத்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். மங்கில் சேர்ந்த பாலை மழை அடிப்பதற்குள் வாளியில் ஊற்றியாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம்; அதில் கால் வைத்ததில்லை.

இந்தப் புரட்டாசியில் என் பள்ளிக் கூட்டாளிக்கு சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை அமைந்தது. வானொலி நிலையத்தில் எனக்கும் விடுப்புக் கிடைத்தது. "இப்பவும் போகலைன்னா அறுபது வயசுலதான் போவோம்" என்றாள். முதுகுப்பை, கூடாரம், தலைவிளக்கு எல்லாம் தயார். அவளுடைய அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். "பொரட்டாசி மழைய நம்பாதீங்க. மலை கறுத்தா ஆத்துல நிக்காதீங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

கோல குபு பாருவில் பசியாறினோம். அமைதியான, அழகான ஊர். ஆனால் அது இடம் மாறி வந்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. 1883இல் அணை உடைந்து பழைய கோல குபுவை வெள்ளம் அடித்துச் சென்றது. அப்போதைய மாவட்ட அதிகாரி ரேங்கிங்கும் அதில் மாண்டார். அதன் பிறகும் வெள்ளமும் ஈயச் சுரங்க மணலும் ஊரை விடவில்லை. கடைசியில் 1930 வாக்கில் மேட்டு நிலத்தில் புது ஊரைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். 'பாரு' என்ற சொல் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பிரேசர் மலைச் சாலையில் சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டினால் கம்போங் பெர்த்தாக். தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமம். அணை கட்டும்போது அவர்களும் இடம் மாற வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் புக்கிட் கூத்துவுக்கு வழி. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். சனிக்கிழமை இரவு ஆற்றோரம் தங்கி, ஞாயிறு விடியலில் ஏறுவதாகத் திட்டம்.

கூடாரம் அடித்து முடிக்கும்போது மாலை நான்கு மணி. எங்கள் தலைக்கு மேல் வெயில். வானொலிக்காரிக்கு ஒலிதான் பைத்தியம். ஒரு பாறையில் உட்கார்ந்து, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ஆற்றுச் சத்தத்தைப் பதிவு செய்தேன். ஐந்து நிமிடத்தில் சத்தம் கனத்தது. அடியில் கல் உருளுவது போல ஒரு முனகல். 'அடடா, நல்ல ஒலி' என்று நினைத்தேனே தவிர, அது ஏன் மாறுகிறது என்று யோசிக்கவில்லை.

கூட்டாளி ஆற்றைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தாள். மேலே கன்னங்கறேல் என்று இருந்தது. தெளிவாக ஓடிய நீரில் சருகும் சுள்ளியும் வந்தன. நிறம் தே தாரிக் ஆனது. "ஏந்திரிடி!" என்று கத்தினாள். அதே நேரம் வழிகாட்டி அபாங்கும் ஓடி வந்தார். அவர் சொன்னது இரண்டே சொல்: "கெப்பாலா ஆயர்."

மலை உச்சியில் பெய்த மழை, கீழே ஒரு சொட்டுக்கூட விழாத இடத்தில் திடீர் வெள்ளமாகப் பாய்வதற்குத்தான் அந்தப் பெயர். கூடாரத்தை மடிக்கக்கூட நேரமில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு கரையேறினோம். சிறிது நேரத்தில் நான் உட்கார்ந்திருந்த பாறை காணாமல் போயிற்று.

எனக்கு நடுக்கம் வந்தது அதன் பிறகுதான். 2022 டிசம்பர் 16, பத்தாங் காலி முகாம் தளத்தில் நிலம் சரிந்த அன்று காலை ஒலிபரப்பில் நான்தான் இருந்தேன். உறக்கத்திலேயே புதையுண்டவர்கள். செய்திக்குச் செய்தி எண்ணிக்கை ஏறியது; கடைசியில் 31 உயிர்கள். அதை வாசித்த நானே, ஆறு குரல் மாற்றியபோது பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு கிராமத்திலேயே தங்கினோம். விடிந்ததும் அபாங் ஆற்றையும் வானத்தையும் பார்த்துவிட்டு "போகலாம்" என்றார். ஏறினோம். வேர்களைப் பிடித்து, அட்டையைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்கி, ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரம். உச்சியருகே காட்டுக்கு நடுவே ஒரு கல் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. 1890களில் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த டிரேச்சரின் பெயரில், வெள்ளைக்காரர்கள் குளிர்காய வந்த ஓய்வில்லத்தின் மிச்சம். அதற்கும் மேலே பெரிய பாறைகள், ஏறிப் போக இரும்பு ஏணி. ஏறிப் பார்த்தால் எங்கும் பனிமூட்டம். சுங்கை சோ எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். அனுமதி வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அழைத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஏறி, நண்பகலுக்குள் இறங்கப் பாருங்கள். புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பது இந்த நாட்டுக்கும் பொருந்தும்: காலையில் வெயில், மாலையில் இடி. ஆற்று நீர் கலங்கினால், சருகு வந்தால், சத்தம் மாறினால் பொருளை விடுங்கள், மேட்டுக்கு ஏறுங்கள்.

திரும்பி வந்ததும் அந்தப் பதிவை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். ஆற்றின் முனகலையும் மகளின் கத்தலையும் கடைசி வரை கேட்டார். ஒன்றும் திட்டவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "புளிச்சோறு நனையலையே?" என்றார்.