பன்னிரண்டு வோல்ட் கம்பி

ஒரு பொருளின் பெயரையும் விலையையும் விசாரித்து வாங்குவோர் பலர். அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பியை விசாரிப்போர் மிகச் சிலர். தேயிலைத் தொழிற்சாலையின் மின்பகுதியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற எமக்கு, எந்த இயந்திரத்தைக் கண்டாலும் முதலில் கம்பியின் மீதே கண் செல்லும். இதை அறிந்துதான் எமது தோட்டத்துப் பிள்ளை ஒருவன், புதிதாக வாங்கிய கம்பியொன்றைச் செருகுவதற்கு முன்னர் எம்மிடம் எடுத்து வந்தான்.

பையன் ஹட்டன் நகரில் கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான். முப்பரிமாணச் சித்திரங்கள் அமைக்கவும் பயின்று வருகிறான். அதற்கு வலுவான வரைகலை அட்டை வேண்டும் என்றதும், அவனுடைய தாயார் தமது சேமலாப நிதிப் பணத்தின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்துவிட்டார். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் அது. தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021 இல்தான் என்பதை நினைத்தால், அந்தப் பணத்தின் கனம் வாசகர்களுக்கு விளங்கும். வாங்கியது ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டை. 2022 அக்டோபரில் வெளிவந்தது; இவனுக்குக் கிடைத்தது ஒருவர் பாவித்தது. அட்டையுடன் இருக்க வேண்டிய இணைப்புக் கம்பி மட்டும் அதில் இல்லை.

கம்பிதானே என்று எண்ணலாம். அந்த அட்டை முழுவேகத்தில் 450 வாட் கேட்கும். நமது வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் இது இரண்டு அம்பியருக்குள் அடங்கிவிடும். ஆனால் கணினிக்குள் அட்டைக்குச் செல்வது 12 வோல்ட். அதே 450 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 37.5 அம்பியர் ஓட வேண்டும். சுவரிலுள்ள பெரிய சதுரமுனைச் செருகியே 13 அம்பியருக்குத்தான் அமைந்தது! வேனின் பட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கம்பி ஏன் அவ்வளவு பருமனாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள்; காரணம் இதுவேதான். வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும்.

இதன் மறுபக்கத்தை மலைநாட்டார் நாம் நன்கறிவோம். 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, மின்சாரத்தை உயர்ந்த வோல்ட்டுக்கு ஏற்றி, அதனால் மின்னோட்டத்தைக் குறைத்தே கொழும்புக்கு அனுப்பினார்கள். நமது தலைக்கு மேலே அந்தக் கம்பிகள் போய்க்கொண்டிருக்க, லயங்களில் பல பத்தாண்டுகள் குப்பிலாம்பு எரிந்தது வேறு கதை.

அட்டையின் செருகியில் பதினாறு முனைகள். பன்னிரண்டு பெரியவை: ஆறின் வழியே மின்சாரம் போகும், ஆறின் வழியே திரும்பும். மற்ற நான்கும் சிறியவை. இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று அட்டைக்குச் சைகை சொல்ல வந்தவை. பழைய எட்டுமுனைச் செருகிக்கு வகுத்த எல்லை 150 வாட் மட்டுமே. ஒரு முனைக்கு நாலேகால் அம்பியருக்கும் குறைவு. தாங்கும் சக்தியோ அதைவிட எவ்வளவோ அதிகம். புதியதில் 600 வாட் வரை அனுமதி; ஒரு முனைக்கு எட்டு அம்பியருக்கு மேல் போகும். தாங்கக்கூடியதோ ஒன்பது அம்பியர் சொச்சம். இடைவெளி மிகச் சிறிது. ஆறில் இரண்டு முனைகள் சரியாகத் தொடாவிட்டால், மற்ற நான்கும் அந்தச் சுமையைச் சுமந்து சூடேறும். 2022 அக்டோபரிலேயே பல நாடுகளிலிருந்து இச்செருகி உருகிய செய்திகள் வந்தன. 2023 இல் அட்டைப் பக்கத்துத் துவாரத்தைத் திருத்தி, சைகை முனைகளைக் குறுக்கினார்கள். முழுவதும் உட்புகாத செருகிக்கு அட்டை வேலை செய்யாதிருப்பதற்கான ஏற்பாடு அது. பையனுடைய அட்டை திருத்தத்துக்கு முந்தியது.

இனி, அவன் கொண்டு வந்த கம்பி. நகரத்துக் கடையொன்றில் வாங்கியது, பார்வைக்கு அழகானது, அவனுடைய பவர் சப்ளைப் பெட்டியில் இலகுவாகப் பொருந்தவும் செய்தது. கூட வந்திருந்த தாயார், “அதான் பொருந்துதே அண்ணே, அப்புறம் என்ன?” என்றார். நியாயமான கேள்விதான்.

பெட்டியோடு வந்த பழைய கம்பி ஒன்றையும் இதனையும் மேசையில் வைத்து, மல்டிமீற்றரால் முனைக்கு முனை தொட்டுப் பார்த்தோம். பழையதில் 12 வோல்ட் புறப்படும் வரிசையில், புதியதில் திரும்பும் கம்பிகள் இருந்தன. செருகி ஆளியைப் போட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைத் தாயாரிடம் விவரிக்க எமக்கு மனம் வரவில்லை. “இது வேறு வீட்டுச் சாவி, தங்கச்சி” என்று மட்டும் சொன்னோம்.

அட்டைப் பக்கத்து முனைகளின் ஒழுங்குக்கு உலகப் பொது விதி உண்டு. பவர் சப்ளைப் பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கலாம். எமது மதிப்பில், இந்தத் தொழிலில் வெட்கப்பட வேண்டிய குறை இது. கடைக்காரரையும் குறை கூறுவதற்கில்லை. பொருந்துகிறதா என்றுதான் அவரும் பார்த்தார். பேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு வழிகள் இருந்தன. எட்டுமுனைக் கம்பிகள் பலவற்றை ஒன்றாக்கும் இணைப்பியைப் பாவிப்பது ஒன்று. அதற்குத் தனித்தனிக் கம்பிகள் வேண்டும். ஒரே கம்பியில் கிளைவிட்ட இரண்டு தலைகளையும் செருகிச் சமாளிப்பது சுமையை ஒரே கம்பியில் ஏற்றுவதாகும். மேலும் ஒவ்வொரு பொருத்தும் சூடேறக்கூடிய இன்னோர் இடம். ஆகவே இரண்டாவது வழியையே சொன்னோம்: பவர் சப்ளை செய்த நிறுவனமே, அதே மாதிரிக்கென்று செய்த நேர்க்கம்பி. பருமன் 16 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கவும். 18 என்பது 16 ஐ விட மெல்லியது. கொழும்பிலிருந்து அது வந்து சேரும் வரை அட்டை பெட்டியிலேயே கிடந்தது. பையனுக்கு அந்த நாட்கள் பெரும் தண்டனை.

செருகும்போது இடைவெளி தெரியாத வரை நேராக அழுத்தச் செய்தோம். செருகியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குக் கம்பியை வளைக்க வேண்டாம் என்றோம். வளைத்தால் முனைகள் சாய்ந்து தொடுகை கெடும். கணினிப் பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை. கம்பியை மடக்குவதைவிடக் கதவைத் திறந்து வைப்பதே மேல் என்று அப்படியே விட்டோம். நண்பர்களுக்குக் காட்டுவதற்காகக் கழற்றிக் கழற்றி மாட்டக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னோம். இவ்வகைச் செருகிகள் ஏறத்தாழ முப்பது தடவைக்கே கணக்கிடப்பட்டவை.

ஒரு மணி நேரம் முழுவேகத்தில் ஓடவிட்டுச் செருகியைத் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு, நெடி எதுவும் இல்லை. திரையில் முப்பரிமாணத்தில் ஒரு கலியாண மண்டபம் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. தாயார் அதைப் பார்க்கவில்லை. கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்டார். அட்டைக்கு மட்டும் மணிக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு என்றோம். விரல் விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, அதை மகனே கட்டட்டும் என்று சொல்லித் தேநீர் ஊற்றப் போனார்.