ஒரு இறாலை நம்பி ஒரு ஊர்

அட்லஸில் புள்ளி வைத்துக் காட்டும் தீவுகளில் எல்லாம் மனிதர்கள் எதைத் தின்று வாழ்கிறார்கள் என்று வகுப்பில் கேட்பீர்களே, அப்படி ஒரு தீவைப் பற்றி இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரிஸ்டன் ட குன்ஹா. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 2,800 கி.மீ., கப்பலில் ஒரு வாரம். ஊரில் 250 பேருக்கும் குறைவு.

அவர்களுக்குப் பணம் வருவது முக்கியமாகச் சிங்கி இறாலில்தான். கடல் அமைதியான காலையில் மணி அடித்தால் படகுகள் கிளம்பும். பிடித்ததை ஊரிலுள்ள ஆலையில் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்தபடியாகத் தபால்தலை. 1946-இல் தங்களுக்கென்று தபால்தலை கேட்டுத் தயாரித்த மாதிரி ஒன்றில், ஒரு பென்னியோடு 4 உருளைக்கிழங்கு என்றும் விலை போட்டிருந்தார்கள். அங்கே கிழங்குதான் காசு! (நம் வீட்டில் கருவேப்பிலைக்குத் தேங்காய் மாற்றியவர்கள் சிரிக்கக் கூடாது.)

நிலம் யாருக்கும் சொந்தமில்லை, ஊருக்குப் பொது. ஒரு குடும்பம் எத்தனை மாடு, ஆடு வளர்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. யாரும் யாருக்கும் மேலானவர் அல்ல என்று 1817-இலேயே எழுதிக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1961-இல் எரிமலை வெடித்து, இறால் ஆலையை நெருப்புக் குழம்பு மூடியது. ஊர் முழுக்க இங்கிலாந்துக்குப் போனது. அங்கே வேலை, சம்பளம், மின்சாரம், சினிமா எல்லாம் இருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டெடுத்தபோது திரும்பிப் போகலாம் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் 5 பேர். 1963-இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். பணம் மட்டும்தான் கணக்கு என்றால் இந்த 148-ஐ எந்த வாய்ப்பாட்டில் சேர்ப்பது?

ஆனால் ஒரே சரக்கை நம்பியிருப்பது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. 2008-இல் ஆலை தீப்பிடித்தது. ஊருக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டர்களும் அங்கேதான் இருந்தன. மறு ஆண்டு புது ஆலை கட்டினார்கள். 2011-இல் நைட்டிங்கேல் தீவில் ஒரு சரக்குக் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது, அங்கே இறால் பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் 2020-இல் ஏறத்தாழ 7 லட்சம் ச.கி.மீ. கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். தங்கள் இறாலுக்கு மட்டும் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டார்கள்.

இளம் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். படகில் ஏற ஆள் இருந்தால்தானே காலையில் மணி அடிக்க முடியும்?