கம்ப்யூட்டரை எப்போது தொடலாம்?

“அண்ணா, ஃபில்டர் மாத்தியாச்சு, சைலன்சர் மாத்தியாச்சு. இனி ரீமேப் போட்டா வண்டி பறக்குமுங்களா?” கோவையில் என் பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். ரீமேப் என்பது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் இருக்கும் மேப்பை, அதாவது கணக்கு அட்டவணைகளை, மாற்றி எழுதுவது. நான் முதலில் பார்ப்பது டர்போ இருக்கிறதா என்பதை. பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 83 குதிரைசக்தி கொண்ட 1.2 லிட்டர் ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலம் தருகிற காற்றைத்தான் அந்த இன்ஜின் உறிஞ்ச முடியும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் பிளக்கில் கரி படியும், வேகம் வராது. இக்னிஷன் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி முன்னால் தள்ளலாம். ஆனால் கம்பெனிக்காரர்கள் அதையும் ஏறக்குறைய எல்லைவரை தள்ளித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நாலைந்து குதிரைசக்தி கிடைத்தால் அதிகம். ஆக்ஸிலரேட்டர் மேப்பை மட்டும் மாற்றி, கால் வைத்ததும் த்ராட்டில் சட்டென்று திறக்கும்படி செய்துவிட்டு ‘ஸ்டேஜ் 1’ என்று பில் போடுகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. ஓட்டுகிறவருக்கு வண்டி துள்ளுகிற மாதிரி தெரியும். சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் பழைய எண்தான் வரும். அந்தப் பணத்துக்கு நல்ல டயராக நாலு வாங்கிப் போடச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஃபில்டரும் சைலன்சரும் மாற்றியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வேண்டாம். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் எரிந்த புகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கலவை பிசகினால் கம்ப்யூட்டரே திருத்தி, அந்தத் திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. சுத்த பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பக்கம் போதும். பங்க்கில் எரிபொருள் மாறியபோது நம் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கொஞ்சம் சரளமாக மூச்சுவிடும் ஃபில்டரைச் சமாளிப்பது இதைவிடச் சின்ன வேலை. ஏர்ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயையே அகலமாக மாற்றிவிட்டீர்கள் என்றால் மட்டும் கதை வேறு. அப்போது அது காற்றின் அளவையே தப்பாகச் சொல்லும்.

டர்போ வண்டிக்கு வருவோம். இதில்தான் ரீமேப் காசுக்கு வேலை செய்கிறது. புதிய கம்ப்யூட்டர்கள் டார்க்கைக் கணக்கு வைத்துத்தான் இன்ஜினை ஆள்கின்றன. நீங்கள் பெடலை அழுத்துவது “இவ்வளவு டார்க் கொடு” என்ற வேண்டுகோள். அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறாமல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பெரிய இன்டர்கூலர், அகலமான டவுன்பைப் எல்லாம் மாட்டிவிட்டு மேப்பைத் தொடாமல் விட்டால், பழைய இலக்கையே அது கொஞ்சம் சுலபமாக எட்டும், அதைத் தாண்டாது. சம்பளம் உயர்ந்தாலும் வீட்டுச் செலவுக்கு அதே தொகைதான் என்று கறாராக நிற்கும் அப்பா மாதிரி. இரும்புக்குச் செலவழித்த பணம் வெளியே தெரிய வேண்டுமானால் அந்த இலக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு மாற்றலாம் என்பதை இன்ஜின் மட்டும் தீர்மானிப்பதில்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வந்தபோது 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர். அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியில் இருப்பது உலர் கிளட்ச். தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். அதற்குள் நின்றுகொண்டால் நல்ல பெட்ரோலில் 130 குதிரைசக்தியைத் தாராளமாகப் பார்க்கலாம். அதைத் தாண்டி ஆசைப்பட்டால் கிளட்ச்சுக்கும் சேர்த்து காசு எடுத்து வையுங்கள்.

டீசலில் ஒரு ஆசை அடிக்கடி வருகிறது. ஸ்விஃப்டில் 75 குதிரைசக்தி தரும் அதே 1248 சிசி இன்ஜின், எர்டிகாவில் 90 தருகிறதே, அந்த மேப் ஃபைலை இதில் ஏற்றிவிடலாமே என்பார்கள். எர்டிகாவில் இருப்பது இதழ்களைத் திருப்பி அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ. ஸ்விஃப்டில் அந்த இதழ்களே கிடையாது. அந்த ஃபைல் ஆட்டி வைப்பதற்கு இந்த வண்டியில் ஆளே இல்லை.

இன்ஜெக்டர், டர்போ, கேம் ஷாஃப்ட் இவற்றில் எதை மாற்றினாலும், ரீமேப் செய்தே ஆக வேண்டும், செய்யலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. இன்ஜெக்டர் பெரிதானது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய நேரத்துக்கே திறந்து வைக்கும், எரிபொருள் கொட்டும். தானாகத் திருத்திக்கொள்ளும் எல்லை பொதுவாக 25 சதவீதம்வரைதான். அதற்கு மேல் செக் இன்ஜின் விளக்கு எரியும், ஐடிலில் வண்டி குலுங்கும். இந்த வேலைகளில் மேப்புக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்காதவர் பார்ட்ஸ் வாங்கவே கூடாது.

மேப் செய்த ஊரும் பருவமும் முக்கியம். மார்கழியில் கோவைக் குளிரில் டைமிங்கை இழுத்துப் பிடித்துச் செய்த மேப், சித்திரை வெயிலில் சேலம் நெடுஞ்சாலையில் நாக் அடிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்ட்டை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அது அளவுமீறிச் சுற்றாமலிருக்க, உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் ஒரு அட்டவணையைக் கம்பெனி வைத்திருக்கிறது. சோம்பேறி ட்யூனர் அதை முழுக்கத் திறந்துவிடுவார். சமவெளியில் ஒன்றும் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போதுதான் டர்போ பேரிங் பதில் சொல்லும்.

பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரிலும் அதை அழித்துத் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்வதில்லை. அது ஊரார் நுரையீரலுக்குப் போகிற கரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதே குற்றம். அந்தக் கணக்கில் சக்தியைக் கூட்டும் ரீமேப்பும் சட்டச் சிக்கலுக்கு வெளியே இல்லை. வாரண்டி போகலாம், இன்சூரன்ஸ் கிளெய்மில் கேள்வி வரலாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.

எந்த ட்யூனரிடம் போனாலும், உங்கள் வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலின் நகலையும், மேப் போட்ட பிறகு முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி எடுத்த லாகையும் கேட்டு வாங்குங்கள். பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம், நாக் திருத்தம் மூன்றும் அந்த லாகில் இருக்க வேண்டும். இரண்டையும் தராதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.