சீட்டும் சித்தமும்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கண்ணால் காணாதவரும் 'போக்கர் முகம்' என்னும் தொடரைக் கேட்டிருப்பர். உள்ளத்தில் எழுவதை முகத்தில் காட்டாதவனுக்கு ஆங்கிலம் பேசும் உலகம் சூட்டிய பெயர் அது. கைக்கு வந்த சீட்டு நல்லதாயினும் தீயதாயினும் இமையும் அசையாமல் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரனின் உருவம் அத்தொடரோடு எங்கும் பரவிவிட்டது. ஆனால், முகத்தின் அமைதி வேறு. மனத்தின் அமைதி வேறு. முன்னதைப் பழக்கத்தால் பெறலாம். கறுப்புக் கண்ணாடி அணிந்தும் தொப்பியைத் தாழ்த்தியும் ஓரளவு மறைத்தும் விடலாம். பின்னதற்கு அத்தகைய குறுக்குவழி இல்லை. எதிராளியிடமிருந்து தன்னை மறைக்கக் கற்றவன், தன்னிடமிருந்தே தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றானா? போக்கர் மேசையில் எழும் பெரிய வினா இதுவே.

இவ்வினாவின் பொருள் விளங்க வேண்டுமாயின் ஆட்டத்தின் அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். இன்று பெரும்பாலும் ஆடப்படும் போக்கர் வகை 'டெக்சஸ் ஹோல்டம்' என்பது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் யாவர்க்கும் பொதுவான ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என மேசை நடுவே திறக்கப்படும். இதற்கிடையே நான்கு சுற்றுகளில் பணயம் வைப்பர். தன் கைச்சீட்டுகளையும் பொதுச்சீட்டுகளையும் கொண்டு சிறந்த ஐந்து சீட்டுக் கூட்டை அமைப்பவன் வெல்வான். அன்றி, மற்றவர் அனைவரும் அஞ்சிச் சீட்டைக் கீழே வைக்கும்படி பணயத்தை உயர்த்தியவனும் வெல்வான். கையில் ஒன்றுமில்லாமல் உயர்த்தினால் அது பொய்ப் பணயம்.

சதுரங்கத்தில் காய்கள் யாவும் இருவர் கண்ணுக்கும் தெரியும். தோற்றவன் தன் அறிவையன்றி வேறெதையும் நோக முடியாது. போக்கரிலோ எதிராளியின் சீட்டு மறைந்திருக்கிறது. இனி வரும் சீட்டு எவருக்கும் தெரியாது. கணித மேதை ஜான் வான் நாய்மன், பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு இணைந்து 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரையும் அதன் பொய்ப் பணயத்தையும் விரிவாக ஆராய்ந்தார். முழுதும் அறிய இயலாத நிலையில் முடிவெடுப்பது எப்படி என்பதற்கு இவ்வாட்டம் ஏற்றதோர் எடுத்துக்காட்டாய் அமைந்தது.

இங்கேதான் மனத்துக்குச் சோதனை தொடங்குகிறது. இவ்வாட்டத்தில் சரியான முடிவு தோற்கும். தவறான முடிவு வெல்லும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். தொடக்கத்தில் கிடைக்கும் இரு சீட்டுகள் 1,326 விதமாக அமையக்கூடும். அவற்றுள் இரண்டும் ஏஸாக அமைவது 6 விதமே. சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறை வாய்க்கும் பேறு அது; அதனினும் உயர்ந்த தொடக்கம் இல்லை. அதை வைத்திருப்பவனும் இரண்டு ராஜாக்களை வைத்திருப்பவனும் தத்தம் பணம் முழுவதையும் மேசையில் தள்ளிவிட்டார்கள் என்று கொள்வோம். ஏஸ் வைத்திருப்பவன் 100க்கு ஏறத்தாழ 82 முறை வெல்வான். எஞ்சிய 18 முறை தோற்பான். ஆட வருமுன் இக்கணக்கை அவன் தலையசைத்து ஒப்புக்கொள்கிறான். அந்தப் பதினெட்டில் ஒன்று அன்றிரவே வந்து நிற்கும்போது, அவன் மனம் கணக்கை மறந்துவிடுகிறது. 'எனக்கு அநீதி இழைக்கப்பட்டது' என்று அது முறையிடுகிறது. யாரிடம் முறையிடுவது? சீட்டுக்குக் காதும் இல்லை, நினைவும் இல்லை.

அவ்வாறு முறையிடும் மனநிலைக்குப் போக்கர் ஆடுவோர் 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். சாய்வு என்பது அதன் பொருள். பின்பால் என்னும் பொறிவிளையாட்டிலிருந்து வந்த சொல் அது. உருண்டை விரும்பிய பக்கம் ஓடவில்லையே என்னும் ஆத்திரத்தில் ஆடுபவன் பொறியைப் பிடித்து உலுக்குவான். அளவு மீறி உலுக்கினால் 'டில்ட்' என்னும் எழுத்து ஒளிரும்; பொத்தான்கள் செயலிழக்கும்; உருண்டை கண்முன்னே பள்ளத்தில் போய் விழும். விதியைத் தன் வழிக்குத் திருப்பக் கை நீட்டியவன், கையில் இருந்த சிறு அதிகாரத்தையும் இழந்து நிற்பான். மனத்தின் நிலைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

சாய்வு ஒரே உருவில் வருவதில்லை. தன்னை வென்றவனையே குறிவைத்துப் பழிவாங்கத் துடிப்பது ஒரு சாய்வு. இழந்ததை இன்றே, இந்த மேசையிலேயே மீட்டுவிட வேண்டும் என்று பணயத்தைப் பெருக்குவது மற்றொன்று. தொடர்ந்து வென்றவன் தன்னை வெல்ல ஆளில்லை என்று மயங்கி, கீழே வைக்க வேண்டிய சீட்டையெல்லாம் கையில் பற்றிக்கொள்வதும் சாய்வே. பசி, உறக்கமின்மை, வீட்டில் விட்டு வந்த பூசல் ஆகியவையும் அரவமின்றி மேசைக்கு வந்து அமர்ந்துகொள்ளும். சினத்தில் இருப்பவன் தான் சினத்தில் இருப்பதாக எண்ணுவதில்லை. துணிவோடு ஆடுவதாகவே எண்ணுகிறான். சாய்வின் கொடுமை அதில்தான் இருக்கிறது.

இதற்கு உளவியல் ஒரு விளக்கம் தருகிறது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இழப்பின் வலி அதே அளவான ஆதாயத்தின் இன்பத்தைவிடப் பெரிது என்று காட்டியது. 1992ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வலி இரு மடங்குக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டனர். ஆதாயத்தில் இருக்கும்போது கிடைத்ததைக் காத்துக்கொள்ள விரும்பும் மனிதன், இழப்பில் விழுந்ததும் அதிலிருந்து எழுவதற்காகப் பெரிய ஆபத்தையும் ஏற்கத் துணிகிறான். நூறு வெள்ளியை இழந்து அமைதியாய் வீடு திரும்பியிருக்க வேண்டியவன் ஆயிரத்தை இழந்து திரும்புவதன் காரணம் இதுவே.

அறிஞர் ஆய்ந்து கூறியதைக் காவியம் முன்பே கதையாய்க் காட்டியது. வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்தையும், முதற்பாகம் 1912ஆம் ஆண்டில் வெளிவந்த பாரதியின் பாஞ்சாலி சபதத்தையும் கற்றவர் தருமனை அறிவர். பொறுமைக்குப் பெயர் பெற்றவன் அவன். சகுனியின் வஞ்சம் அவனைத் தோற்கடித்தது உண்மை. ஆயினும், நாட்டை இழந்த பின் தம்பியரையும், தம்பியரை இழந்த பின் தன்னையும், தன்னை இழந்த பின் மனைவியையும் பணயம் வைத்தது வஞ்சம் மட்டுமா? ஒவ்வோர் இழப்பும் அடுத்த பணயத்துக்குக் காரணமாயிற்று. வள்ளுவர் சூதுக்கென 94ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியதும் அவர் காலத்தில் அதன் பற்று எத்துணை வலியதாய் இருந்தது என்பதை உணர்த்தும்.

தோல்வியைத் தாங்கும் மனம் எத்தகையது என்பதற்கு இக்காலத்திலும் சான்று உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1970ஆம் ஆண்டு தொடங்கி நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், 1988ஆம் ஆண்டு இறுதிவரை வந்தவர் எரிக் சைடல். எதிரே அமர்ந்தவர் முந்திய ஆண்டின் வெற்றியாளர் ஜானி சான். சைடலிடம் ஒரு ராணி இருந்தது. பொதுச்சீட்டிலும் ஒரு ராணி விழ, அவர் கை வலுப்பெற்றதுபோல் தோன்றியது. ஆனால், எட்டு முதல் ராணி வரையிலான ஐந்து சீட்டு வரிசை சானுக்கு அப்போதே அமைந்துவிட்டது. சான் வலிமையை வெளிக்காட்டாமல் காத்திருந்தார். சைடல் தம் வில்லைகள் அனைத்தையும் முன்னே தள்ளினார், தோற்றார். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரவுண்டர்ஸ்' என்னும் திரைப்படத்தில் அக்காட்சி இடம்பெற்றதால், அத்தோல்வி உலகறிந்ததாயிற்று. ஒருவர் தம் வாழ்வின் மிகப் பெரிய சறுக்கலை ஊரார் மீண்டும் மீண்டும் பார்க்க நேர்ந்தால் என்ன ஆவார்? சைடல் வெறுத்து ஒதுங்கவில்லை, தொடர்ந்து கற்றார், பல பட்டங்களை வென்றார். 2010ஆம் ஆண்டில் போக்கர் பெருமைக்குரியோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவரிடம் மாணவியாய்ச் சேர்ந்தவர் மரியா கொன்னிக்கோவா என்னும் எழுத்தாளர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவ்வம்மையாருக்குத் தொடக்கத்தில் போக்கர் விதிகளும் தெரியா. 2018ஆம் ஆண்டில் பஹாமாஸ் தீவில் நடந்த ஒரு போட்டியில் முதலிடம் பெற்ற அவர், தம் பயிற்சியை 2020ஆம் ஆண்டு நூலாக்கினார். நல்ல சீட்டிருந்தும் கெட்ட நேரத்தால் தோற்ற கதையை அவர் சொல்ல வந்தபோதெல்லாம் சைடல் கேட்க மறுத்தாராம். எடுத்த முடிவைப் பற்றி ஐயம் இருந்தால் பேசலாம். ஆட்டம் எப்படி முடிந்தது என்னும் புலம்பல் வேண்டாம் என்பது ஆசிரியரின் நெறி. புலம்பல் ஆறுதல் தருவதுபோல் தோன்றும். உண்மையில், 'நான் வஞ்சிக்கப்பட்டவன்' என்னும் எண்ணத்துக்கு அது நாள்தோறும் நீரூற்றுகிறது. முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்ப்பதே அமைதியின் வேர். முடிவு ஆட்டக்காரனுடையது, விளைவு சீட்டுக்கட்டினுடையது.

ஆயினும், மேசையில் மட்டும் காக்கப்படும் நிதானம் ஒருவனைக் காத்துவிடாது. இதற்கு ஸ்டூ அங்கரின் வாழ்வு துயரம் நிறைந்த சான்றாகும். 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே முதன்மைப் போட்டியை வென்றவர் அவர். சீட்டை நினைவில் வைப்பதிலும் எதிராளியின் உள்ளத்தைப் படிப்பதிலும் அவருக்கு இணை சொல்வது அரிது. அத்தகையவர் வென்ற பெருந்தொகைகளைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதைப் பொருளிலும் கரைத்தார். 1997ஆம் ஆண்டுப் போட்டிக்குரிய 10,000 டாலர் நுழைவுத் தொகையையும் நண்பர் ஒருவரே கட்டினார். பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு நவம்பரில் லாஸ் வேகஸின் மலிவான விடுதி அறையொன்றில், 45ஆம் வயதில், அவர் இறந்து கிடந்தார். பிறர் மனத்தைத் திறந்த புத்தகம்போல் படித்தவருக்குத் தம் மனத்தின் ஒரு பக்கத்தைப் புரட்ட இயலாமற் போயிற்று.

அப்படியாயின், செய்யத்தக்கது என்ன? உணர்ச்சியே எழாமல் தடுப்பது மனித இயல்புக்கு மாறானது. எழுந்த உணர்ச்சி கைக்கு ஆணையிடாமல் தடுப்பதே இயல்வது. தேர்ந்த ஆட்டக்காரர் கைக்கொள்ளும் முறைகள் எளியவை. இழந்தால் வாழ்வு ஆட்டங்காணும் பணத்தை அவர் மேசைக்குக் கொண்டு வருவதில்லை. எளிய முடிவாயினும் அரிய முடிவாயினும் சற்று நிதானித்தே சீட்டையோ வில்லையையோ தொடுகிறார். முகம் சூடேறுவது, தாடை இறுகுவது, மூச்சு குறுகுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் எழுந்து சிறிது நடக்கிறார். ஆட்டம் முடிந்த பின் எத்தனை வென்றோம் என்பதோடு, எங்கே தவறாக முடிவு செய்தோம் என்பதையும் குறித்து வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு இழந்தால் எழுவது என்பதை அமருமுன்பே வரையறுக்கிறார். தெளிந்த மனம் இட்ட கட்டளையைக் கலங்கிய மனம் மாற்ற இடந்தராமைதான் இதன் உட்பொருள்.

இவ்வுண்மையைச் சட்டமும் அறிந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டில் இரு சூதாட்டக்கூடங்கள் திறக்கப்பட்டபோது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அது 150 வெள்ளியாயிற்று. தன்னை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவர் தாமே விண்ணப்பித்துத் தடை பெறவும் வழியுண்டு. குடும்பத்தார் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. வாசலுக்கு வெளியே தெளிவோடு நிற்கும் மனிதன், உள்ளே மயங்கப்போகும் மனிதனுக்குப் போடும் வேலி அது.

மனவமைதி வந்துவிட்டால் செல்வம் வந்துவிடும் என்று எண்ணுவதும் மயக்கமே. சூதாட்டக்கூடம் போக்கர் மேசையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஆடுவோர் அனைவரின் கணக்கையும் கூட்டினால் இழப்பே மிஞ்சும். அமைதி சீட்டை மாற்றாது. அந்தப் பதினெட்டைப் பதினேழாக்கவும் செய்யாது. பதினெட்டு வந்த இரவில், மிச்சமிருப்பதையும் கொண்டுபோய்க் கொட்டாமல் அது கையைப் பிடித்து நிறுத்தும். அவ்வளவே அதன் பணி. ஆனால், அது சிறிய பணியன்று.

மழையை நம்பி விதைக்கும் உழவனும், நோயின் போக்கை முழுதும் அறியாமல் மருந்து தேரும் மருத்துவனும், நாளைய விலை தெரியாமல் சரக்கு வாங்கும் வணிகனும் மறைந்த சீட்டுகளோடுதான் வாழ்கின்றனர். அவர்கள் அம்மேசையை விட்டு எழ முடியாது. போக்கர் ஆடுபவனால் முடியும். நாற்காலியைப் பின்னே தள்ளி எழும் உரிமையை ஆட்டம் அவனிடமிருந்து ஒருபோதும் பறிப்பதில்லை. சினம்தான் பறிக்கிறது, ஆசைதான் பறிக்கிறது. முகத்தை அசையாமல் வைத்திருப்பவனை மேசையில் இருப்போர் வியக்கலாம். இழந்த இரவில் எழுந்து, மீந்த பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, யாரையும் நோகாமல் வீடு சென்று உறங்குபவனை வியக்க அங்கே எவரும் இருப்பதில்லை. எனினும், அன்றைய ஆட்டத்தைச் செவ்வையாக ஆடி முடித்தவன் அவனே.