காரியவட்டம்: மைதானம் யாருக்கு?

திருவனந்தபுரம் தம்பானூரில் ஆட்டோ பிடித்து, காரியவட்டம் ஸ்டேடியம் என்றேன். “கிரிக்கெட் ஸ்டேடியம் அல்லே?” என்றபடி மீட்டரைப் போட்டார் ஓட்டுநர்.

அவர் மேல் தவறில்லை. 2017 நவம்பரில் இங்கு நடந்த இந்தியா-நியூசிலாந்து ஆட்டம் மழையால் 8 ஓவராகச் சுருங்கியும் கூட்டம் கலையாமல் காத்திருந்தது. ஆனால் அரங்கம் எழுந்தது வேறொன்றுக்காக. 2015 ஜனவரி 31 அன்று 35-வது தேசிய விளையாட்டுப் போட்டிகள் இங்குதான் தொடங்கின. ஓட்டக்காரரும் மல்யுத்த வீரரும் நீச்சல் வீராங்கனையும் ஒரே அணிவகுப்பில் நடக்கும் விழா அது.

அந்த அணிவகுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. நவீன ஒலிம்பிக் 1896-ல் ஏதென்சில் பிறந்தது. 1913-ல் மணிலாவில் தூரக்கிழக்குப் போட்டிகள் தொடங்கின. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார் கண்ணூர்க்காரரான சி.கே. லட்சுமணன், ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலையாளி. 1934-ல் டெல்லியிலும் பாட்டியாலாவிலும் மேற்காசியப் போட்டிகள் நடந்தன. கலந்துகொண்டவை இந்தியா, இலங்கை, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம் என நான்கே. அடுத்த போட்டி நடக்கவேயில்லை. சோர்ந்துவிடாத ஜி.டி. சோந்தியின் முயற்சியில், 1951 மார்ச்சில் முதல் ஆசியப் போட்டிகள் டெல்லியில் நடந்தன. 11 நாடுகள், 489 பேர். போட்டியை நடத்திய நாட்டுக்கு விடுதலை கிடைத்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அந்த உற்சாகத்தைத் தெற்கே வளர்த்தவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தின் கோதவர்ம ராஜா. திருவிதாங்கூர் மகாராஜாவின் தங்கை கணவர். இன்றைய கேரள ஸ்போர்ட்ஸ் கவுன்சிலின் வேர், 1954-ல் அவர் தொடங்கிய அமைப்பு. 1971-ல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினம். நகருக்கு வெளியே அவர் பெயரில் ஒரு விளையாட்டுப் பள்ளியும் இருக்கிறது.

பல விளையாட்டுகளை ஒரே கொடியின் கீழ் கூட்டுவதன் பயன் ஒன்றுதான்: கூட்டம் சேராத ஆட்டத்துக்கும் மைதானத்தில் இடம் கிடைக்கும். விழா முடிந்ததும் அந்த இடம்தான் முதலில் பறிபோகிறது.

திரும்பும் வழியில் லட்சுமணன் பெயரைச் சொன்னேன். ஓட்டுநர் கேள்விப்பட்டதில்லை. கண்ணூர் என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அப்போ நம்முடெ ஆளாணல்லோ!”