ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா?

ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. என் பொறுப்பில் ஒன்றாம் வகுப்பு வாண்டுகள். விவிலியம் வாசிக்க முதலில் எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டுமே! அதனால் குறிலில் தொடங்கிப் புள்ளியில் முடியும் குட்டிச் சொற்களை எடுத்துக்கொண்டேன்.

"குறில் டக்குனு ஓடும். புள்ளி எழுத்து கதவைச் சாத்தும்." இது போதும், பிடித்துக்கொள்கிறார்கள்.

மண் என்றால் ஆதாம் கதை. கண் என்றால் பார்வை பெற்ற பர்த்திமேயு. கல் என்றால் கல்லறை வாசலில் புரண்ட கல்.

போன வாரம் ஒரு குட்டி 'இயெசு' என்று எழுதி வந்தாள். திட்ட மனம் வரவில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் குறில் எகரத்துக்கு இட வேண்டிய புள்ளியைப் பலரும் விட்டுவிட, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலத்தான் கிடந்தன. குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்று பிரித்துத் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747). ஏலாக்குறிச்சியில் மாதாவுக்குக் கோயில் எழுப்பிய அதே சாமியார்தான்.

பெரியவர்களே தடுமாறிய இடம் அது. உங்கள் பிள்ளை கொம்பை மாற்றிப் போட்டால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.